நூற்று முப்பத்து நாலாம் எண்

எழுபத்தாறாம் வருஷம் மே மாதத்தில் எங்கள் கம்பெனிக்குப் புதிய பர்சனல் ஆபீசர் ஒருவர் வந்தார். ராணுவத்தின் சப்ளைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோரும் அவருக்கு ‘மிஸ்டர்’தான். வந்த மறுவாரமே என்னை அறைக்கு வரவழைத்து, உட்காரச் சொல்லாமல், கடந்த ஆறு மாதத்தில் பட்டறை ஆட்களில் அதிகம் தாமதமாக வந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் வேண்டும் என்றார். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தன. நேரத்துக்கு வராத சில மனிதர்களையாவது பிடித்துக் காட்டாவிட்டால் தன் நாற்காலிக்கு அர்த்தமில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பார்த்த அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இதில் வரும் மற்ற முக்கியமான மனிதரையும் எனக்குப் பிடிக்காது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கம்பெனி நந்தனத்தில் இருந்தது. முன்னால் மவுண்ட் ரோடைப் பார்த்த ஆபீஸ், பின்னால் பம்பு செட்டுக்கான உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை. சாலையின் பெயர் மாறிச் சில வருஷங்கள் ஆகியும் பஸ் கண்டக்டர்கள் உட்பட யாரும் மவுண்ட் ரோடு என்பதை விடவில்லை. ஆபீஸின் கீழ்த்தளத்தில் குளிர்சாதனம் வைத்த ஒரே அறை எங்களுடைய அட்டைப் பிரிவு. குளிர்ச்சி எங்களுக்காக அல்ல. சென்னை ஈரத்தில் அட்டை உப்பிவிட்டால் மெஷின் அதைக் கடித்துக் குதறிவிடும்.

பட்டறை வாசலில் நேரக் கடிகாரம் ஒன்று சுவரில் பொருத்தியிருந்தது. ஆள் தன் வருகை அட்டையை மாடத்திலிருந்து எடுத்து, கடிகாரத்தின் வாயில் செருகிக் கைப்பிடியை இழுத்தால், வந்த நேரம் அதில் அச்சாகும். எட்டு மணிச் சங்கு ஊதும் வரை கறுப்பு மை. அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் ஆனாலும் சிவப்பு. இந்த வருகை அட்டைகள் எங்கள் அறைக்கு வரும். எங்கள் பெண்கள் அவற்றைப் பார்த்து மெஷின் அட்டைகளில் துளையிடுவார்கள். ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த பித்தளை டோக்கனின் எண், தேதி, வந்த நேரம், போன நேரம். அவ்வளவுதான். பெயர் கிடையாது.

பெயரை எடுத்துவிட்டது என் ஏற்பாடு. அப்போது மவுண்ட் ரோடில் ஒரு வெளிநாட்டு நூலகத்தில் உறுப்பினராக இருந்தேன். அங்கே ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில், தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்துக்கொள்வது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். ஒரு செய்தி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். ஓர் அட்டவணையையும் இன்னொன்றையும் இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஓர் எண்ணால் இணைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு, எங்கே தேடுவது என்று சொல்லாமல், எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். அதைச் செய்யக்கூடிய கம்ப்யூட்டர் எங்களிடம் இல்லை. கருத்து மட்டும் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆட்களுக்கு ஓர் அடுக்கு: டோக்கன் எண், பெயர், பிரிவு. வருகைக்கு இன்னோர் அடுக்கு. கேள்வி வந்தால் வருகை அடுக்கைப் பிரிக்கும் மெஷினில் ஓட்டித் தாமதங்களைத் தனியாக எடுத்து, எண் வாரியாக அடுக்கி, ஆள் அடுக்கோடு சேர்த்து ஓட்டினால் பெயர்கள் அச்சாகும். பின்னாளில் இதையே கம்ப்யூட்டரிடம் நாலு வரியில் கேட்கக் கற்றுக்கொண்டேன். அப்போது அதற்கு ஒரு முழு நாளும் ஏழெட்டு ட்ரே அட்டைகளும் வேண்டும்.

ஆபீசர் கேட்ட பட்டியல் அச்சாகி வந்தபோது முதல் பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். நூற்று முப்பத்து நாலு, லேத்து ஓட்டும் டர்னர்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கோட்டூர்புரத்தில் குடியிருந்தவர், தொழிற்சங்கத்தில் முக்கியமான ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சாமி இல்லை, சகுனம் இல்லை, ராகுகாலம் இல்லை என்று தெருமுனைகளில் பேசியவர். நெருக்கடி நிலை வந்து கூட்டங்கள் நின்ற பிறகு அந்தப் பேச்சு முழுவதும் பட்டறை வாசலுக்கு இடம் மாறியது. தினமும் சங்கு ஊதுவதற்கு முன்பே அட்டையை இழுத்துவிட்டு, டீ கிளாஸோடு கேட்டில் நின்று, உள்ளே வருபவர்களை ஒவ்வொருவராகச் சீண்டுவார். எனக்கு மயிலாப்பூரிலிருந்து பஸ். சங்குக்கும் எனக்கும் எப்போதும் கொஞ்சம்தான் இடைவெளி இருக்கும்.

“இன்னா சாமி, ஆத்துல காப்பி லேட்டாயிடுச்சா?” என்பார். இன்னொரு நாள், பல்லக்குத் தூக்குகிறவன் லீவா என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அந்த ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் தப்பித்த காலை எனக்கு நினைவில்லை. அப்படிப்பட்டவர் எட்டு மணிக்குப் பிறகு வந்தார் என்று என் அட்டைகளே சொல்லின.

பட்டியலைக் கொடுக்கும்போதே ஆபீசரிடம் சொன்னேன், முதல் பெயரில் ஏதோ தவறு இருக்கிறது, இரண்டு நாள் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று. அவர் முதல் பெயரைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். சங்கத்தில் பேசக்கூடிய ஆள் டர்னர் ஒருவர்தான் என்று வந்த மறுவாரத்துக்குள் தெரிந்து வைத்திருந்தார்.

“மிஸ்டர், நான் கேட்டது யார் லேட்டுன்னு. மெஷின் சொல்லிடுச்சு. இனிமே உங்களுக்கு இதுல வேலை இல்ல.”

மறுநாளே குற்றச்சாட்டு ஓலை போயிற்று. தொடர்ந்து தாமதமாக வருவது நிலை ஆணைப்படி வேலை நீக்கத்துக்கு உரிய ஒழுங்கீனம், பத்து நாளில் விசாரணை.

ஓலை கிடைத்த கையோடு டர்னர் எங்கள் அறைக்கு வந்தார். பட்டறை ஆட்கள் அங்கே வரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. எண்ணெய்க் கையால் அந்தக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வந்து நின்றார். துளையிடும் பெண்கள் மெஷின்களிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

“உன் மிசினு என்னைப் பத்தி இன்னாமோ சொல்லிகினு கீதாமே. எங்க, என் மூஞ்சியைப் பார்த்து சொல்லச் சொல்லு.”

“மெஷின் மூஞ்சி பார்க்காது” என்றேன்.

“அதான் ரோதனை. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீதான் தெனம் பாக்கறியே சாமி, நீ சொல்ல வேண்டியதுதானே? வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகச் சொல்லி அவரிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. வெளியே போங்கள் என்று மட்டும் சொன்னேன். போகும்போது பிரிக்கும் மெஷினை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கறை போக ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

அவரைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. என் அடுக்குகள் தவறாகப் பதில் சொன்னதுதான் பொறுக்கவில்லை. நூற்று முப்பத்து நாலாம் எண்ணின் சிவப்பு நேரங்களை மட்டும் தனியே எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். தேதிகளைப் பார்த்தால் அவற்றின் கிழமையையும் திதியையும் யோசிப்பது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். முதலில் அமாவாசையோ என்று பார்த்தேன். இல்லை. பங்குனியில் தேருக்காகப் பஸ்களைத் திருப்பிவிடும் நாட்களோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. நவம்பர் ஏழு, டிசம்பர் ஐந்து, ஜனவரி இரண்டு, பிப்ரவரி ஆறு. எல்லாம் வெள்ளிக்கிழமை, அந்தந்த மாதத்தின் முதல் வெள்ளி. பிறகு மார்ச் மூன்றாம் தேதி புதன்கிழமையிலிருந்து அனேகமாக எல்லா வேலை நாளும் சிவப்பு, ஒவ்வொன்றும் சில நிமிஷங்கள்தான். ஏப்ரல் பாதியில் திடீரென்று நின்றுவிட்டது.

எங்கள் பிரிவுப் பெண்களில் பாதிப் பேர் சாந்தோம் பங்கைச் சேர்ந்தவர்கள். மாதத்தின் முதல் வெள்ளியன்று காலைப் பூசைக்குப் போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாக வர என்னிடம் அனுமதி வாங்குவார்கள். மார்ச் மூன்றாம் தேதி அவர்கள் நெற்றியில் சாம்பலோடு வந்தது எனக்கு நினைவு இருந்தது. தவக்காலம் தொடங்கும் புதன். ஈஸ்டர் அந்த வருஷம் ஏப்ரல் பதினெட்டு.

அட்டைகளின் சாட்சியப்படி, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் நாற்பது நாள் தவம் அனுசரித்து, தினமும் பூசை கண்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

பட்டறையில் சாந்தோமிலிருந்து சைக்கிளில் வருபவர் ஒருவர்தான். ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர், யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். அவருக்கு என் அடுக்கில் நூற்று ஐம்பத்தொன்று என்ற எண். போய்க் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்துக் காட்டினார். நூற்று முப்பத்து நாலு.

அவர் மறைக்கவில்லை. டர்னர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே லேத்தில் இடது கைச் சுண்டுவிரல் நுனியை இழந்தார். நூற்று முப்பத்து நாலைக் கூட்டினால் எட்டு. எட்டு ஆகாத எண் என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டோர்ஸ்காரரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாராம். எனக்கு எட்டும் ஒன்றுதான் சார், ஏழும் ஒன்றுதான் என்று இவர் கொடுத்துவிட்டார். வருகை அட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் நேர ஆபீஸ் குமாஸ்தா மாடத்தில் இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான். சம்பளம் ஃபோர்மனின் பேரேட்டுப்படி பெயரைப் பார்த்துப் போட்டதால் அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. எங்கள் அறைக்கு யாரும் சொல்லவில்லை. பூசை நாட்களுக்குப் பழைய ஆபீசர் வாய்ச்சொல்லாக அனுமதி கொடுத்திருந்தார் என்றும் சொன்னார்.

“ஒண்ணு மட்டும் சார். எட்டு விஷயம் வெளிய வரக் கூடாதுன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நம்பர் மாத்தினோம்னு நானே வந்து சொல்றேன். ஏன்னு அவர்தான் சொல்லணும்.”

ஆபீசரிடம் போனேன். தேதிகளை வரிசையாகக் காட்டி, எண்கள் மாறியிருக்கின்றன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே பென்சில் சீவினார்.

“உங்களைக் கிழமை பார்க்கச் சொன்னது யாரு? கறுப்புச் சட்டை போட்டவன் சர்ச்சுக்குப் போகக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?”

குமாஸ்தாவை வரவழைத்துக் கேட்டார். குமாஸ்தா தன் வேலைக்குப் பயந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டார். டோக்கன்கள் மாறியிருந்தால் ஓலை கிடைத்த பிறகு மாற்றியிருப்பார்கள் என்றார் ஆபீசர். மாற்றியதற்குத் தக்க காரணத்தைச் சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சொன்னால் பார்க்கலாம், இல்லையென்றால் தப்பிப்பதற்காகக் கட்டிய கதை.

ஆக, டர்னரின் வேலை அவர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தில் தொங்கியது. அதை அவரிடம் சொல்ல வேறு யாரும் இல்லாததால் நானே போனேன். கலைக் கல்லூரிப் பக்கம் ஒரு டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு இடம் விடவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“யார்கிட்ட சொன்ன?” என்று கேட்டார், எட்டு என்ற வார்த்தை என் வாயில் வந்ததும்.

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாத. பொண்டாட்டி அழுதா, மாத்திகினேன். அவளுக்கோசரம்.”

“அதையே விசாரணையில சொல்லுங்கோ. ஒரு வரி.”

டீயைக் கீழே வைத்தார். “எத்தினி தெருவுல பேசிகீறேன் தெரியுமா உனுக்கு? ராவுகாலம், எமகண்டம், எல்லாத்தையும் கிழிச்சி தொங்க உட்டுகீறேன். எதிர்ல உக்காந்து கேட்டவனுங்க இதே பட்டறைலதான் கீறானுங்க. அவனுங்க எதுக்க, எட்டுக்குப் பயந்தவன் நானுன்னு நானே சொல்லணுமா? வேலை போனா போவட்டும். வேற லேத்து கெடைக்கும்.”

குடும்பம் இருக்கிறது, கை வேறு அப்படி இருக்கிறது, இந்த நாளில் வேலை நீக்கம் ஆனவரை எவன் சேர்த்துக்கொள்வான் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனுக்கு குஷியா கீது இல்ல, சாமி?”

இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். கேட்டில் நின்று அவர் சிரிக்க வைத்த காலைகள் எல்லாம் என் மனதில் இருந்தன. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

விசாரணை ஆபீசரின் அறையில் நடந்தது. சங்கத்தின் சார்பில் இரண்டு பேரை உட்கார அனுமதித்தார்கள். இரண்டு பேருமே டர்னரின் தெருமுனைக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவர்கள். நான் அட்டைகளோடு ஓரமாக நின்றேன். ஸ்டோர்ஸ்காரர் வந்து, எண்களை மாற்றிக்கொண்டது உண்மை, தாமதங்கள் தன்னுடையவை என்று சொன்னார். எதற்காக மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு, அவரே சொல்லட்டும் சார் என்றார்.

ஆபீசர் டர்னரின் பக்கம் திரும்பினார். டர்னர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்து ஆட்களுக்கு விஷயம் புரியவில்லை. சொல்லேன் நைனா, இன்னா அது, சொல்லித் தொலை என்று ஒருவர் கிசுகிசுத்தார். ஆபீசர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, சரி, காரணம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று ஸ்டெனோவிடம் சொன்னார். ஸ்டெனோ எழுதத் தொடங்கினாள்.

“எட்டு” என்றார் டர்னர்.

“என்ன?”

“அந்த நம்பரைக் கூட்டுனா எட்டு வருது. எட்டு ஆவாதுன்னு மாத்திகினேன்.”

“யாருக்கு ஆகாது, மிஸ்டர்?”

மனைவியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டீக்கடையில் என்னிடம் சொன்னதை இங்கேயும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

“எனுக்கு” என்றார்.

ஸ்டெனோவுக்குக் கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார் ஆபீசர். ஸ்டெனோவுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. என்னைவிட அவள்தான் பக்கத்தில் இருந்தாள். டர்னர் உரக்கச் சொன்னார். வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றார் ஆபீசர். வாக்கியமாகவும் சொன்னார். சங்கத்து ஆட்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர் இருமுவதுபோல் வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது.

குற்றச்சாட்டு தள்ளுபடி ஆயிற்று. ஸ்டோர்ஸ்காரருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அதோடு சரி. ஆபீசருக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மறுநாளிலிருந்து பட்டறைக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டியிருக்கவில்லை. “மச்சி, எட்டு இட்லி வாங்காத, ஏழோட நிறுத்திக்க” என்று கேன்டீனில் ஒரு குரல் வரும். எட்டு மணிச் சங்கு ஊதும்போதெல்லாம் யாராவது அவர் காதைப் பொத்துவது போல் பாசாங்கு செய்வார்கள். சீண்டுவதை அவர்களுக்குப் பழக்கிவைத்தது அவர்தான். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆவணியில் சங்கக் கிளைக்குப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. அப்படி ஓர் ஆள் இருப்பதே மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டார்கள். ஆபீசர் டர்னரை வெளியே தள்ளப் பார்த்தார். முடியவில்லை. ஆனால் அவர் வேண்டியது அவருக்கு வேறு வழியில் கிடைத்தது, என் அட்டைகள் கடைசியில் சரியான பதிலைச் சொன்னதால்.

அட்டைகளை நான் திருத்தினேன். மூன்றாவதாக ஓர் அடுக்கு சேர்த்தேன்: எந்த எண், எந்த ஆளிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. எண்ணும் ஆளும் ஒன்றல்ல என்பதுதான் அந்தக் கட்டுரையைப் படித்த உற்சாகத்தில் எனக்குத் தோன்றாமல் போனது. கூடுதல் அட்டைக்கு ஆபீசர் அனுமதி தர இழுத்தடித்தார். கடைசியில் தந்தார்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பு, டர்னர் ராஜினாமா செய்தார். போகிறவர்கள் எல்லாப் பிரிவுகளிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. எங்கள் அறைதான் அந்தத் தாளில் கடைசி. இந்த முறை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். சட்டை சலவை செய்தது. தாளை மேஜைமேல் வைத்தார்.

எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“அந்தாளு அன்னிக்கே என்னை லேட்டா வந்தவன்னு அனுப்சிருந்தா, சங்கத்துக்கோசரம் வேலை போனவன்னு பேரோட போயிருப்பேன்” என்றார். குரல் உயரவில்லை. “கேட்டாண்ட மாலை போட்டு அனுப்சிருப்பானுங்க. நீ வந்து ஞாயம் பண்ணிட்ட.”

நான் பண்ணவில்லை, நீங்களே சொன்னீர்கள் என்றேன்.

“நானேதான் சொன்னேன். எதுக்கு சொன்னேன்னு இன்னும் புரியல. சம்பளத்துக்கா, அந்த ஸ்டோர்ஸ்காரன் மூஞ்சிக்கா, தெரியல.” தாளைக் காட்டினார். “போடு சாமி.”

கையெழுத்துப் போட்டேன். தேதியும் எழுதினேன். தாளை வாங்கி மடித்து, சுண்டுவிரல் நுனி இல்லாத கையால் அதை ஒருமுறை நீவிப் பையில் வைத்துக்கொண்டு, பட்டறை வாசல் பக்கம் போகாமல் ஆபீஸ் வழியாகவே மவுண்ட் ரோடுக்கு இறங்கிப் போனார்.